மே மாத நிச்சயதார்த்தத்துக்குக் கப் கேக் ஸ்டாண்ட்: அக்ரிலிக்கா, எவர்சில்வரா, மரமா?

காந்திநகர் வீட்டு அடுப்பு (காட்பாடி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி காந்திநகரில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுத்து வருகிறேன். இதுவரை வந்த ஆர்டர்கள் எல்லாம் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் முடிந்துவிடும் வகையைச் சேர்ந்தவை என்பதால், பண்டங்களை மேசையில் எப்படி நிறுத்திக் காட்டுவது என்பதைப் பற்றி நான் யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. வரும் மே மாத நடுவில், அதுவும் அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, எங்கள் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம் ஒரு மண்டபத்தில் மாலை வேளையில் நடைபெறவிருக்கிறது. மண்டபத்தில் ஏசி கிடையாது. ஏறத்தாழ 120 பேர் வருவார்கள். பெரிய கேக் ஒன்றை வெட்டுவதற்குப் பதிலாகக் கப் கேக்குகளையே கோபுரமாக அடுக்கி வைக்க வேண்டும் என்று மணப்பெண் ஆசைப்படுகிறார். அவற்றுடன் பிரவுனி, தேங்காய் பிஸ்கட், மாப்பிள்ளை வீட்டார் ஆற்காட்டிலிருந்து கொண்டுவரும் மக்கன் பேடா ஆகியவையும் அதே மேசையில் இடம்பெற வேண்டுமாம்.

இணையத்தில் ஏழடுக்கு அக்ரிலிக் ஸ்டாண்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் கண்ணாடி போலப் பளபளக்கிறது. அதை வாங்கலாமா, அல்லது எவர்சில்வர், பீங்கான், மரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேடலாமா? விருந்தினர்களில் பாதிப் பேர் முட்டை சேர்த்துக்கொள்ளாதவர்கள் என்பதையும் கருத்தில் கொண்டு யோசனை சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி அடுமனை பதில்:

சகோதரிக்கு வணக்கம். ஏழடுக்கு ஸ்டாண்டை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஸ்டாண்டை விற்பவர்கள் அடுக்குகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவார்களே தவிர, நமக்குத் தேவையான இரண்டு அளவுகளைச் சொல்வதேயில்லை. ஒன்று தட்டின் விட்டம், மற்றொன்று ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளி.

வழக்கமான அச்சில் சுட்ட கப் கேக்கின் அடிப்பாகம் ஏறத்தாழ 5 செ.மீ., மேல்பாகம் 7 செ.மீ. அகலம் இருக்கும். கிரீமைச் சுழற்றி வைத்தால் மொத்த உயரம் 8 அல்லது 9 செ.மீ. ஆகிவிடும். விருந்தினர் கையை உள்ளே விட்டு, கிரீமில் விரல் படாமல் ஒன்றை எடுக்க வேண்டுமானால், தட்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 செ.மீ. இடைவெளி தேவை. கடையில் கிடைக்கும் மூன்றடுக்கு ஸ்டாண்டுகள் பல, இங்கிலாந்தின் மாலைத் தேநீர் மேசைக்குரிய வடிவத்தைப் பின்பற்றியவை. அந்த மேசையில் பெரும்பாலும் கீழ்த்தட்டில் சாண்ட்விச்சும், நடுத்தட்டில் ஸ்கோனும், மேல்தட்டில் சிறு இனிப்புகளும் வைப்பார்கள். அவையெல்லாம் உயரம் குறைந்த பண்டங்கள் என்பதால் அவற்றுக்குக் குறைந்த இடைவெளியே போதும். சுழல் கிரீம் வைத்த கப் கேக்கை அங்கே செருகினால் மேல்தட்டின் அடிப்பாகம் முழுவதும் கிரீம்தான்.

அடுத்ததாக எண்ணிக்கையைப் பார்ப்போம். நடுத்தண்டு உள்ள மூன்றடுக்கு ஸ்டாண்டில் 30, 25, 20 செ.மீ. விட்டமுள்ள தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓரத்தை ஒட்டி வட்டமாக அடுக்கினால் கீழே 9, நடுவில் 7, மேலே 5 என்று மொத்தம் 21 கப் கேக்குகள்தான் வசதியாக நிற்கும். இதற்கு மேல் நெருக்கினால் ஒன்றை எடுக்கும்போது பக்கத்திலிருப்பது சாயும். கிரீமுடன் ஒன்று சுமார் 70 கிராம் என்று கொண்டால் முழு ஸ்டாண்டின் சுமை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. அதை எந்தப் பொருளும் தாங்கும். ஏழடுக்காக உயர்த்தும்போது எடை பெரிய சிக்கலாக இராது, உயரம்தான் சிக்கல். மண்டபத்து மடக்கு மேசைகள் ஆடக்கூடியவை, அவற்றின் மீது விரித்த சாட்டின் துணி வழுக்கக்கூடியது, மேசையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுவார்கள். அது மட்டுமல்ல, விருந்தினர் பாதிப் பண்டங்களை எடுத்த பிறகு ஏழடுக்குக் கோபுரம் எலும்புக்கூடாகக் காட்சி தரும். மூன்றடுக்கு ஸ்டாண்டை யாரும் கவனிக்காமலே மறுபடி நிரப்பிவிடலாம்.

எனவே மூன்றடுக்கு ஸ்டாண்டுகள் இரண்டு வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். வேலூரில் மேடை அலங்காரம் செய்பவர்களிடம் கேட்டால் வாடகைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒன்றில் முட்டை சேர்த்தவை, மற்றொன்றில் முட்டையில்லாதவை. ஒரே ஸ்டாண்டில் தட்டுவாரியாகப் பிரிக்க வேண்டாம், மேல்தட்டிலிருந்து உதிரும் துகள் கீழ்த்தட்டில்தான் விழும். காகிதக் கப்பின் நிறத்தையும் மாற்றிவிடுங்கள். கடைப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும், முட்டை சேர்ந்த உணவுக்குப் பழுப்பு முக்கோணமும் போடுவது மக்களுக்குப் பழகிவிட்டதால், பச்சைக் கப், பழுப்புக் கப் என்று பிரித்தாலே பெரியவர்கள் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

ராணிப்பேட்டை பீங்கான் பிரியர் பதில்:

மேலே அளவுகளைப் பற்றிச் சொல்லப்பட்டதை அப்படியே ஏற்கிறேன். பொருளைப் பற்றி மட்டும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

அக்ரிலிக் கெட்ட பொருள் அல்ல. எடை குறைவு, கீழே விழுந்தாலும் கண்ணாடி போலச் சிதறாது, பண்டத்தின் நிறத்தை மறைக்காது. ஆனால் அதற்கு இரண்டு பகைகள் உண்டு. பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொட்டால் கீறல் விழுந்து ஒரே மாதத்தில் பனி படர்ந்தது போல மங்கிவிடும். சானிடைசர் போன்ற ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, மெல்லிய துணியால் துடைப்பது ஒன்றே அதற்கேற்ற வழி. மண்டபத்தில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அது போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே யாரும் உங்களிடம் கேட்டுவிட்டுத் தேய்ப்பதில்லை.

தங்க நிறப் பூச்சுள்ள இரும்புக் கம்பி ஸ்டாண்டுகள் இப்போது நிறைய விற்கின்றன. புகைப்படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். பூச்சு உரிந்து வரும் வாய்ப்பு இருப்பதால் காகிதக் கப் இல்லாத பிரவுனி, பிஸ்கட் போன்றவற்றை அதன் மேல் நேரடியாக வைக்காமல், பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி விரித்து அதன் மீது வைக்கவும். எம்.டி.எஃப் பலகையில் (மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்தது) வெட்டிய ஸ்டாண்டுக்கும் இதே அறிவுரைதான். அது தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதால் கழுவவும் முடியாது. அட்டை ஸ்டாண்டு ஒருமுறை பயன்பாட்டுக்குச் சரி. எண்ணெய் ஊறியபின் குப்பைக்குத்தான் போகும்.

பீங்கானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ராணிப்பேட்டை பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர் என்றாலும், அந்தப் பெயர் கழிவறைச் சாதனங்களால் வந்தது என்பதால் கேக் தட்டைத் தேடி இங்கே அலைய வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரிகிரியின் மெருகிட்ட மண்பாண்டங்கள் வட ஆற்காட்டின் பழைய பெருமை. அந்த வண்ண மெருகில் காலுடன் கூடிய தட்டு ஒன்று கிடைத்தால் மேசையின் நடுவில் வைக்க அதைவிடப் பொருத்தமான அலங்காரம் இல்லை. ஆனால் அலங்காரத்துக்கென்று செய்யப்பட்ட மண்பாண்டத்துக்கும் உணவுக்கென்று செய்யப்பட்டதற்கும் வேறுபாடு உண்டு. சில வகை மெருகுகளில் ஈயம் கலந்திருக்கும். எலுமிச்சை போன்ற புளிப்புப் பண்டங்கள் நேரடியாகப் பட்டால் அது உணவில் இறங்கக்கூடும். செய்தவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், காகிதக் கப்பில் உள்ள உலர்ந்த பண்டத்தையோ, பூவையோ மட்டும் அதில் வைக்கலாம்.

வீட்டிலுள்ள பழைய பீங்கான் தட்டுகளையே அடுக்கு ஸ்டாண்டாக மாற்றவும் வழியுண்டு. வைரத்தூள் பதித்த துரப்பண முனையால், இடைவிடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே, தட்டின் நடுவில் மெதுவாகத் துளையிட வேண்டும். கண்ணாடிக் கடைகளில் இதைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். நடுத்தண்டை மரை திருகி இணைக்கும் இடத்தில் தட்டின் இருபுறமும் ரப்பர் வாஷர் போட்டே ஆக வேண்டும். இரும்பு நட்டு நேராகப் பீங்கானை அழுத்தினால், முறுக்கும் அன்று ஒன்றும் ஆகாது, பண்டம் ஏறிய பிறகு விரிசல் விடும். டஃபண்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடித் தட்டில் மட்டும் துளையிட முயலாதீர்கள், அது முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும்.

குடியாத்தம் மரவேலை பதில்:

இவ்வளவு பேர் எழுதியும் நம் வீட்டுப் பரணில் மடங்கிக் கிடக்கும் ஸ்டாண்டை ஒருவரும் நினைக்கவில்லையே! நவராத்திரிக்கு நிறுத்தும் மடக்கு கொலுப்படியைத்தான் சொல்கிறேன். ஐந்து படி, ஒவ்வொன்றும் 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால், ஒரு படியில் இரண்டு வரிசையாக 24 கப் கேக்குகள் நிற்கும். ஐந்து படிக்கு 120. உங்கள் விருந்தினர் எண்ணிக்கையும் அதுவே. மேல்தட்டு இடிக்கும் என்ற கவலையே கிடையாது, ஏனெனில் ஒவ்வொரு படியும் மேலே திறந்திருக்கிறது. எதிரே நிற்பவருக்கு எல்லாப் பண்டமும் தெரியும், பின்பக்கம் சுவரை ஒட்டி இருப்பதால் தள்ளிவிடவும் முடியாது. வெள்ளைத் துணி விரித்து, ஓரத்தில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டால் போதும்.

மரத்தில் செய்ய விரும்பினால் கடைசல் பட்டறையில் தேக்கில் காலும் தட்டும் கடைந்து வாங்கலாம். வார்னிஷ் அடித்தால் வாடை முழுவதும் போகும்வரை உணவை அதன் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். தேன்மெழுகு தேய்த்து மெருகேற்றினால் அந்தத் தொல்லை இல்லை. சமையல் எண்ணெயைத் தேய்க்க வேண்டாம், சில மாதங்களில் சிக்குவாடை வந்துவிடும்.

ஆற்காட்டு மருமகள் பதில்:

கொலுப்படி யோசனை அருமையானது என்றாலும் ஒரு தடை இருக்கிறது. சாமி பொம்மைகள் ஏறும் படியில் முட்டை சேர்த்த கேக்கை வைப்பதை எங்கள் வீட்டு மாமியார் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் உறவினர் வீட்டுப் பெரியவர்களும் நிச்சயதார்த்தத்தன்று அதைச் சுட்டிக்காட்டினால் நல்ல நாளில் மனக்கசப்புதான் மிஞ்சும். படியில் முழுவதும் முட்டையில்லாத பண்டங்களையே வையுங்கள், அல்லது சொந்தப் படியை விட்டுவிட்டுப் பூந்தொட்டி வைக்கும் படி ஸ்டாண்டை வாடகைக்கு எடுங்கள்.

மக்கன் பேடாவைப் பற்றி ஒரு சொல். அது பாகில் ஊறிய பண்டம். உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்து, நெய்யில் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டதை மேல்தட்டில் வைத்தால், யாராவது கரண்டியால் எடுக்கும்போது பாகு சொட்டிக் கீழே உள்ள கப் கேக்கின் காகிதம் ஊறிப் பிரிந்துவிடும். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பாகுள்ள இனிப்புக்கு அடித்தட்டே இடம். இன்னும் சொல்வதானால், அதை ஸ்டாண்டிலேயே ஏற்றாமல், விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் அல்லது பித்தளைக் கிண்ணத்தில், சிறு கரண்டியுடன் தனியாக வையுங்கள். ஆற்காட்டிலிருந்து வருபவர்களின் இனிப்பு மேசையின் மூலையில் கிடந்ததாகவும் ஆகக் கூடாது, எனவே அந்தக் கிண்ணத்தைக் காலுள்ள ஒற்றைத் தட்டின் மீது உயர்த்தி, இரண்டு கப் கேக் ஸ்டாண்டுகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நிறைவாக இருக்கும்.

காந்திநகர் வீட்டு அடுப்பு:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஏழடுக்கு யோசனையைக் கைவிட்டுவிட்டேன். மூன்றடுக்கு எவர்சில்வர் ஸ்டாண்டு இரண்டைப் பாத்திரக் கடையில் பார்த்தேன். தட்டுகளின் இடைவெளியை அளந்தபோது 14 செ.மீ. இருந்தது. கொலுப்படியைப் பற்றி உறவினர் வீட்டில் கேட்டதற்கு, ஆற்காட்டு அம்மா சொன்ன அதே காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். மக்கன் பேடாவுக்குப் பித்தளைக் கிண்ணமும் முடிவாகிவிட்டது.

மீதமிருப்பது வெயில் பற்றிய கவலை. பட்டர் கிரீம் வைக்கத்தான் திட்டம். நிகழ்ச்சி ஆறரை மணிக்குத் தொடங்குகிறது, ஆனால் ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் ஸ்டாண்டில் அடுக்கிவிட வேண்டும் என்று புகைப்படக்காரர் கேட்கிறார். ஸ்டாண்டின் தட்டுகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிரவிட்டால் கிரீம் தாங்குமா?

சத்துவாச்சாரி அடுமனை:

தாங்காது. மெல்லிய எவர்சில்வர் தட்டு எவ்வளவு விரைவாகக் குளிர்கிறதோ அவ்வளவு விரைவாகச் சூடேறியும் விடும். அதற்கிடையில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வியர்த்து, காகிதக் கப்பின் அடிப்பாகத்தை நனைத்துவிடும். கனமான கிரானைட் பலகை சற்று நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும், ஆனால் அங்கும் வியர்வைத் தொல்லை உண்டு. மேலும், கப் கேக்கின் அடிப்பாகம் குளிர்ந்திருப்பதால் உச்சியிலிருக்கும் கிரீமுக்கு என்ன பயன்?

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பகலில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், கூட்டமும் விளக்குகளும் சேர்ந்த மண்டபத்துக்குள் மாலையிலும் அந்த வெப்பம் இருக்கத்தான் செய்யும். எனவே ஸ்டாண்டை மாற்றி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது, ஸ்டாண்டில் எதை, எப்போது ஏற்றுகிறோம் என்பதை மாற்ற வேண்டும். புகைப்படக்காரருக்கு ஐந்து மணிக்குத் தேவை பார்வைக்கு நிறைந்த ஸ்டாண்டு, அவ்வளவுதான். தெர்மகோலில் செய்து, ராயல் ஐசிங் என்னும் சர்க்கரைப் பூச்சைப் பூசிய போலிக் கப் கேக்குகளை மேல் இரண்டு தட்டுகளில் வையுங்கள். அவை உலர்ந்து கெட்டியாகிவிடுவதால் வெயிலுக்கு அசையாது. உண்மையானவற்றை ஐஸ் ஜெல் பொதிகளுடன் தெர்மகோல் பெட்டியில் வைத்திருந்து, மோதிரம் மாற்றி முடிந்ததும் போலிகளை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். போலிகளை எடுப்பதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள், இல்லையேல் ஒரு குழந்தை தெர்மகோலைக் கடித்துவிட்டு அழும்.

போலி வேண்டாம் என்று உறவினர்கள் கருதினால், ஐந்து மணியிலிருந்தே நிற்க வேண்டிய கீழ்த்தட்டில் கிரீம் இல்லாதவற்றை வையுங்கள். மேலே சர்க்கரை மெருகு பூசிய கப் கேக், பிரவுனி, தேங்காய் பிஸ்கட் ஆகியவை நல்லவை. சாக்லேட் கனாஷும் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) இந்த வெயிலில் இளகும் என்பதால் அதை நம்ப வேண்டாம். ஃபாண்டன்ட் (பிசைந்த சர்க்கரை மாவு) பூக்களைக் கேக்கின் மேல் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். அவற்றைத் தனியாக வெளியிலேயே உலர வைத்திருந்து, ஏற்றும் நேரத்தில் ஒட்டுங்கள்.

மேசையைப் போடும் இடத்தைக் காலையிலேயே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. மேற்குச் சன்னல் ஓரமும், வீடியோ விளக்குக்கு நேர் எதிரும் ஆகாது. நேராக மின்விசிறிக்குக் கீழே நிறுத்தினால் குளிர்ச்சி கிடைக்கும் என்று தோன்றும், ஆனால் கேக்கின் மேல்பாகம் வறண்டு, தூசியும் படியும். அடுக்கும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, எதிரெதிராக இரண்டிரண்டாக வையுங்கள். எடுத்துக் கொடுக்கும்போது மேல்தட்டிலிருந்து தொடங்குங்கள். எறும்புக்கு, ஸ்டாண்டின் அடித்தளத்தைத் தாங்கும்படி விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, அதில் சிறிது தண்ணீர் ஊற்றி, ஓரத்தைப் பூவால் மறைத்துவிடலாம். ஈக்கு, பந்தியில் பழக்கூடைக்குப் போடும் வலைக்குடை போதும், படம் எடுக்கும்போது மட்டும் நீக்குங்கள்.

காந்திநகர் வீட்டு அடுப்பு:

போலிக் கப் கேக் யோசனைக்கு மணப்பெண்ணே சம்மதித்துவிட்டார், அவற்றை எடுக்கும் பொறுப்பை அவருடைய தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறோம். முட்டையில்லாதவற்றுக்குப் பச்சைக் கப்பும் மற்றவற்றுக்குப் பழுப்புக் கப்பும் வாங்கிவிட்டேன். ஸ்டாண்டின் நடுத்தண்டை முறுக்கிப் பார்த்ததில் மேல்தட்டு மட்டும் இலேசாகச் சுழல்கிறது, அதற்கும் ரப்பர் வாஷர் போட்டால் சரியாகிவிடுமா?

ராணிப்பேட்டை பீங்கான் பிரியர்:

சரியாகிவிடும். தட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போடுங்கள். குழாய்ச் சாமான் கடையில் தண்டின் தடிமனைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். புதிய ரப்பருக்கு வாடை இருக்கும் என்பதால், மாட்டுவதற்கு முன்பு சோப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து உலர்த்திவிடுங்கள்.